வராத பிள்ளையைத் தேடிப் போகும் வகுப்பு: ஒரு தோட்ட மாலை வகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜனவரி மாதம்தான். புது வகுப்பு தொடங்கும் நாட்களில் கொப்பி, பை, சப்பாத்து எல்லாம் வந்து சேரும். தோட்டத்திலிருந்து வெளியே போய் நல்ல நிலைக்கு வந்தவர்களும், கொழும்பில் வேலை செய்யும் நண்பர்களும், வெளிநாட்டில் இருப்பவர்களும் மனதாரச் செய்கிற உதவி அது. 2022 நெருக்கடியில் கொப்பி விலை பல மடங்கு ஏறியபோது, அந்த உதவி இல்லாவிட்டால் பல பிள்ளைகள் வகுப்பில் எழுத எதுவுமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஜூன் மாத மழையில் பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் நிற்கிற பிள்ளைக்கு, ஜனவரியில் கிடைத்த பையால் பயன் இல்லை. யாராவது ஒருவர் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வந்து, "ஏன் இன்னைக்கு வரல்ல?" என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியை விடாமல் கேட்கிற ஒரு மாலை வகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பாதையில், லிந்துலையைத் தாண்டி மேலே ஏறினால் வரும் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசன், அதாவது மேல் பிரிவு, அது. வகுப்பில் இருப்பவர்கள் சிறுவர்கள் என்பதால் தோட்டத்தின் பெயரையோ நடத்துகிறவர்களின் பெயரையோ எழுதவில்லை. இந்த வகுப்பு எல்லாவற்றிலும் வெற்றி பெற்றதல்ல. எங்கே வென்றது, எங்கே நின்றுபோனது என்பதில்தான் மற்றத் தோட்டங்களுக்கு உதவக்கூடிய விஷயம் இருக்கிறது.

ஒன்றரை மணி முதல் நாலரை மணி வரை

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அப்போது அதற்கு வெளியே நின்றன. மூன்று ஆண்டுகளில், 1948இல், தோட்ட மக்களின் குடியுரிமையே பறிபோனது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்பு, 1977இலிருந்து படிப்படியாகத்தான் அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதற்கு முன் இருந்தவை பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் படிப்பு. இன்று மூன்றாம் தரத்தில் இருக்கும் பிள்ளையின் பாட்டி அப்படியொரு மண்டபத்தில் ஓரிரு வருடம் உட்கார்ந்தவர், அல்லது அதுவும் இல்லாதவர். "வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்று ஆசிரியர் எழுதி அனுப்பும்போது, சொல்லிக்கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

வருமானக் கணக்கும் அப்படித்தான். 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் மட்டும் அது 33.8 சதவீதம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2016இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். அன்று அந்த வயதில் இருந்த பிள்ளைகள்தான் பின்னர் இந்த வகுப்பின் தரையில் வந்து உட்கார்ந்தார்கள்.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது, 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. ஆனால் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். மழையிலும் பனியிலும் கொழுந்து குறையும் மாதங்களில் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு வாங்கிய முற்பணமும் அடுத்தடுத்த மாதச் சம்பளங்களில் கழியும். பாடசாலையின் புது வருடச் செலவு வந்து நிற்பது சரியாக அந்த மாதங்களில்தான்.

இவை எல்லோரும் பேசுகிற விஷயங்கள். அதிகம் பேசப்படாதது நேரம். பாடசாலை ஒன்றரைக்கு விடும். அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீடு வர நாலரை, ஐந்து ஆகும். இடையில் மூன்று மணி நேரம் லயத்தில் பிள்ளைகள் மட்டுமே. மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்ப்பாள், தண்ணீர் பிடிப்பாள், அடுப்பு மூட்டுவாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான காம்பராவிலும் முன் வராந்தாவான இஸ்தோப்பிலும் ஐந்தாறு பேர் வாழ்கிற வீட்டில் இரவு உட்கார்ந்து படிக்க இடமில்லை. வெளிச்சத்தோடும் அமைதியோடும் கிடைக்கிற ஒரே நேரம் அந்த மூன்று மணி நேரம்தான். அதுவும் வீட்டு வேலையில் கரைந்துவிடும்.

எப்படித் தொடங்கியது

கொவிட் காலத்தில், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையவழிப் பாடம் என்றார்கள். டிவிசனில் சிக்னல் கிடைத்தது கோயிலுக்கு மேலே உள்ள மேட்டில் மட்டும். நல்ல ஃபோன் இருந்த வீடுகளும் சில. 2021 அக்டோபர் 21ஆம் திகதி, 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. கீழே உள்ள தோட்டப் பாடசாலையும் அப்போதுதான் திறந்தது. முதல் வாரத்திலேயே ஆசிரியர்கள் ஒன்றைக் கண்டார்கள். நாலாம் தரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் இரண்டாம் தரப் பாடப் புத்தகத்தின் ஒரு பந்தியை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்கள். சிலருக்கு அதுவும் வரவில்லை.

டிவிசனில், பதின்மூன்றாம் தர முடிவில் வரும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த இரண்டு பெண்கள் இதைக் கேள்விப்பட்டு, தங்கள் லயத்துப் பிள்ளைகளை இஸ்தோப்பில் உட்கார வைத்து வாசிப்புச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். புதிய சிறுவர் நிலையம் கட்டியதால், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை வைத்துப் பார்த்த பழைய பிள்ளைக்காம்பரா சும்மா கிடந்தது. கோயில் கமிட்டித் தலைவர் தோட்ட நிர்வாகத்திடம் பேசி அதன் சாவியை வாங்கிக் கொடுத்தார். கூரைத் தகரத்தை அப்பாமார் சரிசெய்தார்கள். அவ்வளவுதான் தொடக்கம். திறப்பு விழா எதுவும் இல்லை.

பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் வாசிப்பு வாரியாகப் பிரித்தது அவர்கள் எடுத்த முதல் நல்ல முடிவு. எழுத்து தெரியாதவர்கள் ஒரு பாய், சொல் வாசிப்பவர்கள் ஒரு பாய், பந்தி வாசிப்பவர்கள் ஒரு பாய். ஐந்தாம் தரப் பையன் ஒருவன் இரண்டாம் தரத் தங்கையோடு ஒரே பாயில் உட்கார வெட்கப்பட்டான். அக்காமார் அவனைப் பாய் விரிக்கும் பொறுப்பாளன் ஆக்கினார்கள். வாசிப்பு முன்னேறிய பிள்ளை மாத முடிவுக்குக் காத்திராமல் அன்றே அடுத்த பாய்க்குப் போகலாம்.

இந்த வழி புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு உள்ளூர்ப் பெண்களை வைத்து, பின்தங்கிய மூன்றாம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படை சொல்லிக்கொடுத்தது. அதை ஆராய்ந்தவர்கள் கண்டது, மிகவும் பின்னால் இருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள் என்பது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் இன்னும் நமக்கு நெருக்கமானது. அதே ஊரில் வாழும் தன்னார்வலர், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம். கொவிட் காலத்தில் அங்குள்ள பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பாடசாலைகள் திறந்து ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மேல் டிவிசன் அக்காமாருக்கு இந்த ஆய்வுகள் எதுவும் தெரியாது. பிள்ளைகளைப் பார்த்தே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

வராதோர் கொப்பி

வகுப்பில் இரண்டு கொப்பிகள். வந்தவர் பெயர் எழுதும் கொப்பியை எல்லா இடத்திலும் பார்க்கலாம். மற்றது வராதவர்களின் கொப்பி. பாடசாலைக்கோ மாலை வகுப்புக்கோ ஒரு பிள்ளை அடுத்தடுத்து இரண்டு நாள் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே யாராவது லயத்துக்குப் போக வேண்டும், காரணத்தைக் கேட்டு அதில் எழுத வேண்டும். திட்டக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேட்டு எழுதினால் போதும் என்பது விதி.

அந்தக் கொப்பியைப் புரட்டியபோது, மலையகக் கல்வி பற்றி நான் வாசித்த பல அறிக்கைகளைவிட அதில் அதிகம் இருப்பதாகத் தோன்றியது. "வெள்ளைச் சட்டை காயல்ல" என்பது மழை மாதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே ஒரு சீருடை, இரவு துவைத்தால் லிந்துலைக் குளிரில் காலைக்குள் காயாது. "தம்பிக்குக் காய்ச்சல், அம்மா பெரட்டுக்குப் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) போய்ட்டாங்க." "அம்மா வெளிநாடு, அப்பாயி ஆஸ்பத்திரி." "குளவி கூடு கட்டியிருக்கு, அந்தப் பாதையில போகப் பயம்." பெரிய பையன்கள் பெயருக்கு நேரே "கைக்காசுக்குப் போனான்" (அன்றன்றே காசு தரும் வேலை) என்றும், நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனதாகவும் இருக்கிறது. "படிக்க விருப்பமில்லை" என்ற காரணம் மிக அபூர்வம்.

காரணம் தெரிந்தால் தீர்வு பெரும்பாலும் சின்னதாகவே இருந்தது. வளர்ந்த பிள்ளைகளின் சீருடைகளைச் சேர்த்து ஓர் அலுமாரியில் வைத்தார்கள். மழைக் காலத்தில் இரண்டாவது சட்டை இல்லாத பிள்ளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை, கையெழுத்தும் வேண்டாம். குளவிப் பாதைக்கு, மேல் வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுப் பாதையில் போவது என்று ஏற்பாடு. தம்பி தங்கையைப் பார்க்க வேண்டிய பெண்பிள்ளை அவர்களையும் வகுப்புக்குக் கூட்டிவரலாம் என்று சொன்னார்கள். இது பெரிய மாற்றம். தூளி கட்டும் வளையம் இன்னும் கூரையில் இருந்த பழைய பிள்ளைக்காம்பரா அல்லவா, ஒரு மூலையில் குழந்தை தூங்கும், அக்கா பக்கத்துப் பாயில் வாசிப்பாள்.

சாப்பாடும் இங்கேதான் வந்தது. பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்கு உணவு உண்டு. அதற்கு மேல் வகுப்புகளில் இல்லை. மூன்று மணிக்குப் பசியோடு வரும் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்வதில் பயனில்லை என்று கண்டு, தாய்மார் முறை வைத்து அவித்த கடலையோ ரொட்டித் துண்டோ சாயத்தண்ணியோடு கொடுக்கத் தொடங்கினார்கள். வருகை உடனே கூடியது. சாப்பாட்டுக்காக வருகிறார்கள் என்று ஒருவர் குறை சொன்னாராம். சாப்பாட்டுக்காக வந்தாலும் வந்த பிள்ளை வாசிக்கிறது. எனக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

புலமைப்பரிசில் வந்த கதை

இரண்டாம் வருடத்தில் வெளியிலிருந்து ஒரு குழு உதவ முன்வந்தது. நல்லவர்கள், நோக்கமும் நல்லது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று காட்ட வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. மாதிரி வினாத்தாள்கள் வந்தன. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சனிக்கிழமை தனி வகுப்பு நடந்தது. அக்காமாரின் நேரம் அந்தப் பக்கம் போனது, எழுத்துப் பாய் கவனிக்க ஆளில்லாமல் கிடந்தது. வராதோர் கொப்பியிலும் சில மாதங்கள் வெறும் பக்கங்கள்.

ஒரு பெண்பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள். டிவிசனே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். நகரத்துப் பாடசாலையில் இடமும் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வர முடியாத தூரம், தங்கிப் படிக்கக் காசு வேண்டும். அப்போது அரசு கொடுத்த புலமைப்பரிசில் பணம் மாதம் 750 ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் அது 1,500 ஆக்கப்பட்டது. ஒரு வருடம் முடிவதற்குள் பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, இன்று கீழ்ப் பாடசாலையில் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் பரீட்சைவரை கூட வந்த உதவி அதற்குப் பிறகு வரவில்லை.

மலையகத்தில் உதவித் திட்டங்கள் பலவும் இந்தப் பரீட்சையைச் சுற்றியே நிற்பதை நான் கவலையோடு பார்க்கிறேன். சித்தியடைந்த பிள்ளையின் படம் கிடைக்கிறது, பெயர் கிடைக்கிறது. தரம் மூன்றில் வாசிக்கத் தெரியாமல் இருந்து ஐந்துக்குள் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை வரை நிற்கப் போவது யார், எட்டாம் தரத்தில் நின்றுவிடப் போவது யார் என்பது பெரும்பாலும் அந்த இரண்டு வருடங்களில் முடிவாகிறது. மேல் டிவிசன் கமிட்டியும் பேசிப் பார்த்து, சனிக்கிழமை வகுப்பை நிறுத்தாமல், அதை வாரநாள் வகுப்பின் நேரத்தைத் தொடாத மாதிரி மாற்றியது. வெளிக்குழு அடுத்த வருடம் வரவில்லை.

அக்கா போன பிறகு

தொடங்கிய இருவரில் ஒருவருக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மற்றவர் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். வகுப்பு பல வாரங்கள் மூடிக் கிடந்தது. இதை யாரும் எதிர்பார்க்காமல் இல்லை. சம்பளமில்லாமல் ஓர் இளம்பெண் எத்தனை வருடம் இப்படி நிற்பாள்? தமிழ்நாட்டுத் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 இந்திய ரூபாயாவது கொடுத்தார்கள். மலையகத்தில் இளையோரின் சேவை மனப்பான்மையைப் புகழ்ந்துவிட்டு அதற்கு ஒரு சதமும் வைக்காமல் விடுகிற பழக்கம் இருக்கிறது. அரசே அப்படி நடந்திருக்கிறது. 2015ஐ ஒட்டித் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை நியமித்து மாதம் 6,000 ரூபாய்தான் கொடுத்தது. பிறகு அது 10,000 ஆனது.

கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இது பெரிய வாக்குவாதமானது. மாதச் சம்பளத்தில் கோயிலுக்குச் சந்தா பிடிக்கிறார்கள் அல்லவா, அதிலிருந்து வகுப்பு நடத்துகிற பிள்ளைக்கு ஒரு தொகை கொடுக்கலாம் என்று தாய்மார் கேட்டார்கள். தலைவர் மறுத்தார். "திருவிழாக் காசத் தொடக்கூடாது தங்கச்சி, அது சாமி காசு" என்றார். அதற்கு ஒரு தாய், "கடைசி ராத்திரி ரெண்டு மணிக்கு மேல யாரு தலைவரே மைக் செட்டு கேக்கிறா? அந்தச் செலவ மட்டும் குடுங்க" என்றார். கூட்டம் சிரித்ததாகவும், தலைவரும் சிரித்ததாகவும் சொன்னார்கள். அந்த வருடத் திருவிழாவில் ஒலிபெருக்கிச் செலவு குறைந்தது. தோட்டத் தொழிலாளர் பதிவில் பெயர் இல்லாமல் வெளியே வேலைக்குப் போகிற குடும்பங்கள் கையில் கொடுத்தன. புதிதாக வந்த பெண்ணுக்கு மாதம் ஒரு கொடுப்பனவு, ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராத தொகைதான், கிடைக்கத் தொடங்கியது.

வெளிப்பணம் வருவதைவிட இது உறுதியானது என்று நான் சொல்லக் காரணம் உண்டு. சந்தா கொடுத்த குடும்பம் வகுப்பு மூடியிருந்தால் ஏன் என்று கேட்கிறது. நன்கொடையில் நடக்கிற வகுப்பை அப்படி யாரும் கேட்பதில்லை. ஆனால் இதையே காரணமாக வைத்து, ஏழைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அரசும் கம்பனிகளும் ஒதுங்கிவிடக் கூடாது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் நாட்சம்பளத்திலிருந்து பிரித்து எடுத்த காசு அது.

எட்டாத இடம்

சின்னப் பிள்ளைகளின் விஷயத்தில் வகுப்பு சாதித்தது தெளிவு. புள்ளிவிவரம் சொல்லும் அளவுக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கை இல்லை. ஆனால் மழை மாதங்களில் ஆரம்பப் பிரிவின் வரவு விழுவது குறைந்துவிட்டதாகக் கீழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எழுத்துப் பாயில் இப்போது உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் முதலாம் இரண்டாம் தரப் பிள்ளைகள்தான், ஐந்தாம் தரத்தவர் இல்லை.

ஒன்பது, பத்தாம் தரப் பையன்கள் விஷயத்தில் அப்படி எதுவும் சொல்ல முடியாது. கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 16. சட்டம் அப்படி இருந்தாலும், தீபாவளிக்கு ஊர் வரும் கடைப் பையன் புது ஃபோனோடு வந்து இறங்கும்போது சட்டம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். அவர்களைத் தேடி லயத்துக்குப் போனபோது கிடைத்த பதில் ஒன்றுதான்: கணக்கு வராது, இருந்தும் சித்தியடையப் போவதில்லை.

அது சோம்பேறிப் பேச்சல்ல. உயர்தரத்துக்குப் போகப் பொதுவாகச் சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்றில் சாதாரணச் சித்திக்கு மேலான திறமைச் சித்தி வேண்டும். கீழ்ப் பாடசாலையில் பல தவணைகளாகக் கணித ஆசிரியர் இல்லை. மற்றப் பாட ஆசிரியர் ஒருவர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார். பல்கலைக்கழக அனுமதியில் 55 சதவீத இடம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் நுவரெலியா, பதுளை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது நல்ல ஏற்பாடு. ஆனால் பத்தாம் தரத்தில் கணக்கு ஆசிரியர் இல்லாத பையன் அந்த வாசல்வரை வருவதே இல்லை.

ஒரு மாலை வகுப்பால் கணித ஆசிரியரை நியமிக்க முடியாது. இதைச் சமூகத் திட்டங்களின் குறையாக எழுதுவது நியாயமில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உயர்தரம் படித்த அக்கா போதும். வராத பிள்ளையைத் தேடிப் போக அந்த அக்காதான் சரியான ஆள், வெளியாள் முடியாது. முக்கோணவியலுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், அவருக்குச் சம்பளமும், மேல் டிவிசன் பக்கத்தில் தங்க ஓர் அறையும் வேண்டும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்த ஆசிரியர் இரண்டாம் வருடமே இடமாற்றம் கேட்பது பெரும்பாலும் அந்த அறை இல்லாததால்தான்.

கமிட்டி இப்போது இரண்டு வேலைகளைச் செய்கிறது. வராதோர் கொப்பியின் ஒரு வருடப் பக்கங்களைப் பிரதி எடுத்து, அதிபரின் கையெழுத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கணித ஆசிரியர் வெற்றிடம் பற்றி எழுதியிருக்கிறது. பதில் வரும்வரை, ஹட்டனில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியர் சனிக்கிழமைகளில் வந்து பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இந்தத் தவணை அவருக்கான பஸ் காசைத் தந்தவர்கள், முன்பு பாதியில் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போன இளைஞர்கள்.